குணா அண்ணன் சொல்லாத பாஸ்

தம்பிக்கும் தங்கச்சிக்கும் சேர்த்துதான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பேர் முகத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கிளப்பில் எல்லாருக்கும் இது தெரியும். போன வாரம் கம்ப்யூட்டரைக் காட்டியபோதுகூட எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று மட்டும்தான் சொன்னேன். அதை நீங்களே இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதில் இல்லாத சிலதை எழுதி வைத்துவிட்டு, வேலையை உங்களிடம் ஒப்படைத்து, ஊருக்கு, சுங்காய்க்குப் போகலாம் என்று நினைத்தேன்.

நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். ஈப்போவுக்கு வந்து இந்த கிளப்பில் சேர்ந்தது தொலைபேசி எடுக்கிற வேலைக்கு. பேசப் பயப்படுகிற ஆளுக்குத் தொலைபேசி வேலை. முதல் மாதம் முழுக்க வேறு யாராவது எடுப்பார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அப்போது மாடியில் பிரிட்ஜ் சீட்டாட்டம் நடக்கும் அறைக்குத் தண்ணீர் ஜாடி எடுத்துக்கொண்டு போனேன். நான்கைந்து மேசைகள், மேசைக்கு நான்கு பேர். ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் சின்னப் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை உருவி மேசைமேல் வைத்தார்கள். அதுதான் பேச்சு. வாய் திறந்தால்தான் தப்பு. உலகத்தில் இப்படியும் ஒரு இடம் இருக்கிறதா என்று ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானே போய்க் கேட்டேன்.

பிரிட்ஜ் உங்களுக்குப் புதிது என்பதால் ஒரு பத்தி. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. அதைத்தான் இங்கே ‘கை’ என்கிறோம். ஆடுவதற்கு முன் ஏலம். எங்கள் ஜோடி இத்தனை சுற்று ஜெயிக்கும் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே மேலே போவார்கள். ‘ஒரு ஹார்ட்’, ‘இரண்டு ஸ்பேட்’ என்று எண்ணையும் சீட்டு வகையையும் சேர்த்துச் சொல்வார்கள்; எண் கூடினால் ஜெயிக்க வேண்டிய சுற்றும் கூடும். துணிந்து மேலே போய் ஜெயித்தால் நிறைய மதிப்பெண், போய்த் தோற்றால் அடி. எதிரே இருக்கும் துணையின் கை தெரியாது. அவர் வைக்கிற அட்டையை வைத்து ஊகிக்க வேண்டும். ஏலம் வேண்டாம் என்றால் பச்சை அட்டை. அதுதான் பாஸ்.

நம் வேலை அதற்குப் பிறகு வருகிறது. “அங்கே நின்றிருக்கணுமா, மேலே போயிருக்கணுமா?” என்று ஆட்டம் முடிந்ததும் சண்டை வரும். அப்போது கம்ப்யூட்டரிடம் கேட்கிறோம். ஒருவரின் கையை அப்படியே கொடுத்துவிட்டு, மற்ற மூவருக்கும் ஏலத்தில் அவர்கள் சொன்னதற்குப் பொருந்துகிற மாதிரி ஆயிரம் விதமாகச் சீட்டுப் போடச் சொல்கிறோம். ஆயிரத்தையும் அது ஆடிப் பார்த்து, மேலே போயிருந்தால் எத்தனை தடவை தேறியிருக்கும் என்று சொல்லும். ‘ஆயிரம் போடு’ என்று இங்கே யாராவது கத்தினால் அதுதான் அர்த்தம்.

இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். எஞ்சினியர். பினாங்குக்கு வேலை மாறிப் போய்விட்டார். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இரண்டு விஷயம்.

முதலாவது, ஒரு டாக்டரம்மா தோற்ற அன்று கிடைத்தது. பெரிய ஏலத்துக்குப் போகலாம், பெரும்பாலும் தேறும் என்று நம் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி, அதே மாதிரி ஒரு கை வந்தபோது அவர் துணிந்து போனார். ஸ்பேட் ராணி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் தவறான பக்கம் தேடித் தோற்றார். என் மேசைக்கு வந்து, “உங்க மெஷினுக்கு மட்டும் ராணி எங்க இருக்குன்னு எப்பவும் தெரியுது, எனக்குத் தெரியமாட்டேங்குதே?” என்றார். பக்கத்தில் நின்ற எஞ்சினியர் சிரித்தார். “அது நாலு பேர் கையையும் பாத்துக்கிட்டு ஆடுது, அக்கா. எதிராளியும் அப்படித்தான் ஆடுறான் அதுல. மனுசங்க மூணு கையைப் பாக்காம ஆடுறாங்க. அதனால அது சொல்ற நம்பரைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க.” அன்றிலிருந்து நூலிழை வித்தியாசத்தை நான் யாரிடமும் தீர்ப்பாகச் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது இது. “ஆயிரத்தை நம்புறதுக்கு முன்னாடி பத்தைப் பாருங்க. கம்ப்யூட்டர் யாரோட கையைக் கற்பனை பண்ணுதோ, அந்த ஆளையே உக்கார வச்சுப் பத்தைக் காட்டுங்க.”

ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. குணா அண்ணன்தான் பிறகு புரியவைத்தார்.

குணா அண்ணனை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சிம்பாங் பூலாயில் லாரிப் பட்டறை. ஏலத்தில் வாய் திறக்கக்கூடாது என்பதால் அட்டையைப் படாரென்று வைப்பார். அவர் துணை ராஜரத்தினம் அங்கிள். பத்து காஜா ஊரில் மருத்துவமனை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சட்டைக் கையை மடிக்கக்கூட மாட்டார். குணா அண்ணனின் தங்கையைக் கட்டியவர். அதனால் ஒருவர் ‘மாப்பிள்ளை’ என்பார், மற்றவர் ‘மச்சான்’ என்பார். இந்த அறையில் அவர்களைப் போல நெடுங்காலம் சேர்ந்து ஆடிய ஜோடி வேறில்லை.

மாநிலங்களுக்கிடையே நடக்கும் போட்டிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வின் கடைசி ஆட்டத்தில் ஒரு கை. அங்கிள் முதலில் ‘ஒரு ஹார்ட்’ என்றார். குணா அண்ணன் ‘ஒரு ஸ்பேட்’ என்று பதில் சொன்னார். அங்கிளிடம் பலமான கை, ஸ்பேட்டும் நான்கு இருந்தது. யாராக இருந்தாலும் எட்டி மேலே போகிற இடம். அவர் மெல்ல ‘இரண்டு ஸ்பேட்’ என்று மட்டும் வைத்தார். அதற்குமேல் போக குணா அண்ணனிடம் பலம் இல்லை, பாஸ் சொன்னார். போட்டியில் இரண்டு மேசைக்கும் ஒரே சீட்டுதான் தருவார்கள். அடுத்த மேசையில் அதே சீட்டோடு உட்கார்ந்தவர்கள் நான்கு ஸ்பேட் வரை போய் ஜெயித்துவிட்டார்கள். அந்த ஒரு கையில் ஆட்டமே போனது.

கேப்டன் என்று நாம் கூப்பிடுகிற அணித் தலைவர் மறுநாள் காலையிலேயே வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

“ஆயிரம் போடுங்க. அங்கிள் கையை அப்படியே குடுங்க. குணாவுக்கு நாலு ஸ்பேட், ஆறு பாயிண்டுக்கு மேல.”

ஆறு பாயிண்ட் என்பது புத்தகக் கணக்கு. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் உண்டு. கூட்டினால் ஆறாவது இருந்தால்தான் துணையின் ஏலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பாஸ். உலகம் முழுக்க அப்படித்தான்.

போட்டேன். மேலே போயிருந்தால் பாதிக்கு வெகு மேலே தேறியிருக்கும் என்று வந்தது. நூலிழை இல்லை, நல்ல வித்தியாசம்.

“பாத்தீங்களா? இந்தத் தப்பு இந்த வருசத்துல மட்டும் எத்தனை தடவை! எல்லாம் அங்கிள்தான். பலமான கையை வச்சுக்கிட்டு நின்னுடறாரு. வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு. குணாவுக்கு வேற ஆளைப் போட்டுடலாம்.”

பத்துக் கையை குணா அண்ணனிடம் காட்டவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் படி இறங்கிவிட்டார்.

சனிக்கிழமை மாலை மாடி அறையில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார் கேப்டன். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பாதி மறைந்து இருந்தேன். அவர் தன்மையாகத்தான் சொன்னார். வயதையும் நம்பரையும் சொன்னார். அங்கிள் கடைசிவரை கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓம். நான்தான் நிண்டனான். மெஷின் சொல்லுறது சரியாத்தான் இருக்கும்.”

“ஏன் அங்கிள் நின்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“அந்த நேரம் அப்பிடித் தோன்றிச்சுது.”

கண்ணாடியைக் கூட்டில் வைத்து மூடினார். ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான் அவர் அதைக் கூட்டில் வைப்பார்.

“என்னா லா கேப்டன் இது?” என்றார் குணா அண்ணன். “மாப்பிள்ளை இல்லாம நான் யாரு மூஞ்சியப் பாத்து ஆடுறது? வீட்ல என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது? நீங்க வந்து சொல்றீங்களா?”

“குணா, நம்பர் சொல்லுது. நான் சொல்லல.”

இந்த இடத்தில் பேச வேண்டியது நான். எனக்குக் குரல் வரவில்லை. ஆனால் நம் கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் ஒரு சுழலும் தட்டு இருக்கிறதல்லவா? சீனர் கடை விருந்தில் மேசை நடுவில் வைத்துச் சுற்றுவார்களே, அந்தத் தட்டு. எஞ்சினியர் வாங்கி வந்து வைத்தது. நான் திரையைப் பிடித்து குணா அண்ணன் பக்கம் திருப்பினேன். ஆயிரத்தில் முதல் பத்து அதில் வரிசையாக இருந்தது.

“பத்துக் கையை நீங்க பாக்கணும்ணே. பாத்தாதான் முடிஞ்ச கணக்கு” என்றேன். எனக்கே கேட்டதோ என்னவோ.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி.

குணா அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இது எல்லாம் என் கையா?”

“உங்க கையா இருக்கலாம்னு அது நினைக்கிறதுண்ணே. இதுல எல்லாம் நீங்க ஒரு ஸ்பேட் சொல்வீங்களா?”

ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொல்வேன், சொல்வேன், இதுக்கும் சொல்வேன் என்று தலையாட்டிக்கொண்டே போனார். பத்தாவதில் சிரித்துவிட்டார்.

“அலாமா! எல்லாமே நல்ல கையா இருக்கே. எனக்கு எந்த சனிக்கிழமை இப்படி வந்துச்சு? மட்டமான கை ஒண்ணக்கூடக் காணோமே, தங்கச்சி?”

“ஆறு பாயிண்டுக்குக் கீழே இருந்தா நீங்க பாஸ் சொல்லிடுவீங்க இல்லண்ணே, அதனால அது வராது.”

“யாரு சொன்னா?”

குணா அண்ணன் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை ஒண்ணு சொல்லி நான் பாஸ் சொன்னதே இல்லையே” என்றார்.

கேப்டன் முன்னால் சாய்ந்தார். “ரெண்டு பாயிண்ட் இருந்தா?”

“சொல்வேன்.”

“ஒண்ணுமே இல்லன்னா?”

“சைபரா இருந்தாலும் சொல்வேன் லா. எப்படி விட முடியும்?” குணா அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. “கல்யாணத்தன்னைக்கு அவரு பக்கம் ஒரு ஆளு வரல. ரப்பர் தோட்டத்துப் பொண்ண எடுக்கிறாருன்னு ஒருத்தரும் வரல. கோயில்ல அந்தப் பக்கம் வரிசையா காலி நாக்காலி. நான்தான் எங்க ஆளுங்கள விட்டுட்டு எந்திரிச்சுப் போய் அவரு பக்கம் உக்காந்தேன். அதுக்கப்புறம் இங்க வந்து ஆட ஆரம்பிச்சோம். அவரு ஒண்ணு சொல்றாரு. எதிர்ல நான்தான் இருக்கேன். நானும் பாஸ் சொல்லி அவரைத் தனியா விட்டா நல்லாவா இருக்கும்?”

கேப்டன் அங்கிள் பக்கம் திரும்பினார்.

“அங்கிள், இது உங்களுக்குத் தெரியுமா?”

அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிரிட்ஜில் துணைகள் இருவருக்குள் ரகசியம் கூடாது. ஒரு அட்டைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிந்தால் அது எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். குணா அண்ணன் அறியாமல் செய்தது வெறும் கெட்ட பழக்கம். அதை அங்கிள் அறிந்து, அதற்கேற்ப நின்றிருந்தால் அது விதிமீறல். ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வயதானவர் தவறு செய்தார் என்பதோடு போயிருக்கும். அதைத்தான் அவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு கண்ணாடியையும் மூடிவிட்டாரே.

அங்கிள் கூட்டைத் திறந்து கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

“தெரியும்” என்றார். “கனகாலமாத் தெரியும். அதாலதான் நிண்டனான்.”

குணா அண்ணனுக்குத்தான் முதலில் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா? சொல்லவே இல்லையே மாப்பிள்ளை!”

“சொன்னா நீ நிப்பாட்டிப் போடுவாய், மச்சான்.”

குணா அண்ணன் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேப்டன் என்னிடம், “அந்த ஆறை எடுத்துடுங்க. எந்தக் கையா இருந்தாலும் பதில் சொல்றாருன்னு வச்சு மறுபடி ஆயிரம் போடுங்க” என்றார். போட்டேன். எல்லாரும் பார்க்கும்படி தட்டைத் திருப்பினேன். மேலே போவதும் இரண்டில் நிற்பதும் ஏறக்குறைய சமமாக வந்தது. அங்கிள் செய்தது சரி என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை. தப்பு என்று சொல்வதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

கேப்டன் எழுந்து நின்றார். “அங்கிள், வயசுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். உங்களையும் குணாவையும் பிரிக்கல. ஆனா இந்தப் போட்டிக்கு…”

“நாங்கள் வரேல்லை” என்று அங்கிளே முடித்தார். “அதுதான் முறை.”

“இனிமே ரெண்டுல ஒண்ணு. கையில ஒண்ணுமில்லன்னாலும் பதில் சொல்வோம்னு எதிராளிக்கிட்ட முன்னாடியே சொல்லணும். இல்லன்னா பாஸ் சொல்லப் பழகணும்.”

“எப்படிச் சொல்றது? ‘இவரு என் மாப்பிள்ளை, விட்டுட்டுப் போக மாட்டேன்’னா?” என்றார் குணா அண்ணன். கேப்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குணா அண்ணன் தன் பெட்டியைத் திறந்து பச்சை அட்டைகளைக் கட்டை விரலால் ஒரு தரம் தடவினார். “பழகுறேன்” என்றார்.

வேறு ஒரு ஜோடி அந்தப் போட்டிக்குப் போனது. இவர்கள் இருவரும் வழக்கம்போல சனிக்கிழமை வந்து ஆடினார்கள். சில வாரங்கள் குணா அண்ணனுக்கு நல்ல கையாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் வந்தது.

அங்கிள் ஒரு ஹார்ட் வைத்தார். பக்கத்து ஆள் பாஸ். குணா அண்ணன் கை பெட்டிக்குப் போயிற்று, திரும்பி வந்தது. சீட்டை மறுபடி பார்த்தார். அங்கிள் அவரைப் பார்க்கவில்லை. விதிப்படி பார்க்கக்கூடாது, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். குணா அண்ணன் பச்சை அட்டையை உருவி, எப்போதும்போல் படாரென்று இல்லாமல், குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தார். அடுத்தவரும் பாஸ். ஏலம் முடிந்தது.

ஏலம் எடுத்தவர் ஆட, துணை தன் கையை மேசையில் விரித்து வைக்க வேண்டும். எதிராளி முதல் சீட்டைப் போட்டதும் குணா அண்ணன் விரித்தார். ஒரே ஒரு ராணி. மற்றதெல்லாம் குப்பை. துணை விரிக்கிற கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ‘தேங்க்யூ, பார்ட்னர்’ என்று சொல்வது பிரிட்ஜில் மரியாதை. எல்லாரும் பழக்கத்தில் முணுமுணுப்பார்கள். அங்கிள் அந்தப் பதின்மூன்று சீட்டையும் மெதுவாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

“தேங்க்யூ, மச்சான்” என்றார்.

அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சுற்று குறைந்து தோற்றார்கள். முடிந்ததும் குணா அண்ணன் நேராக என் மேசைக்கு வந்தார். “தங்கச்சி, நான் ஒரு ஸ்பேட் சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்? ஆயிரம் போடு.” அவர் கையைக் கொடுத்து, அங்கிளுக்கு அங்கிள் வழக்கமாக ஏலம் தொடங்குகிற பலம் என்று வைத்துப் போட்டேன். முதல் பத்தைக் காட்ட அங்கிளையும் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகப் பார்த்து, “ஓம், இதெல்லாம் நான்தான்” என்று ஒப்புக்கொண்டார். பதில் சொல்லியிருந்தால் பெரும்பாலும் இதைவிடப் பெரிய அடி என்று வந்தது.

குணா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்ப இத்தனை வருசமா என்னால எவ்வளவு தோத்திருக்கீங்க மாப்பிள்ளை!”

“அதை மெஷினிட்டைக் கேக்காதை” என்றார் அங்கிள். “அதுக்கு அந்தக் கோயில் தெரியாது.”

இருவரும் அடுத்த ஆண்டு போட்டிக்குப் போனார்கள். ஜெயித்தார்களா என்று கேட்காதீர்கள், நடுவில் எங்கோ வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள். வருகிற சனிக்கிழமை நீங்களே பார்ப்பீர்கள்.

தம்பி, தங்கச்சி, அடுத்த மாதம் புதுத் திரை வருகிறதாம். சுவரில் மாட்டிவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். மாட்ட விடாதீர்கள். என்னால் கேட்க முடிந்ததைவிட நன்றாக நீங்கள் கேட்பீர்கள். அந்தத் தட்டின்மேல்தான் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், சுற்றும்.